ஏழாவது ஸ்லைடு

ஒரு சொல்கூடப் பொய் கலக்காமல் பேசுகிற ஒருவன் பொய்யனாக இருக்க முடியுமா? அலுவலகத்தில் ‘மைக்கு’ என்று பெயர் வாங்கியிருந்தவனின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் காதில் அது விழப் பதினோரு வருடம் ஆயிற்று.

அவன் விற்றது லைட் கர்ட்டன். தகடு வெட்டுகிற பிரஸ் மிஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் முழங்கை உயரத்தில் இரண்டு கம்பங்கள் நிற்கும். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். கை குறுக்கே போனால் மிஷின் நின்றுவிடும். நல்ல பொருள். ஆனால் நல்ல பொருள் என்பதற்காக யாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதில்லை. ஆரம்பத்தில் இவன் பேசி முடித்து வெளியே வந்தால், கேட்டவர்களுக்கு இவன் என்ன விற்க வந்தான் என்பதே நினைவில் இருக்காது.

போகப் போகத் தொழில் பிடிபட்டது. ஒரு ஸ்லைடில் ஆறு சொல்லுக்கு மேல் வைக்கக் கூடாது. திரைக்கு முதுகைக் காட்டி ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். முக்கியமான இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம். அவனுக்கென்று சொந்தமாக இருந்தது ஏழாவது ஸ்லைடு.

அதில் எழுத்தே கிடையாது. ஒரு வலது கை மட்டும். ஆள்காட்டி விரலும் நடு விரலும் அடியோடு இல்லை. கிளிக்கரை அழுத்திவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணுவான். பிறகு குரலை இறக்கி, “இது என் கூடப் பிறந்த அண்ணன் கை. ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த நாள். தூக்கக் கலக்கம். கால் பெடல்ல இருந்துச்சு, கை உள்ள இருந்துச்சு. அவ்வளவுதான்” என்பான்.

அறையில் பேனா வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறவர்கள்கூட அவன் பெயரை மறந்துவிட்டு, “நீங்க அந்தக் கைக்காரர்தானே?” என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு ஷிப்ட் உண்மை. தூக்கக் கலக்கமும் உண்மை. விட்டுப்போனது ஒன்றே ஒன்று. அன்று தம்பிக்கு வயது பத்தொன்பது, கல்லூரித் தேர்வு முடிவு வந்திருந்தது. அந்தப் படிப்புக்காகத்தான் அண்ணன் இரண்டு ஷிப்ட் பார்த்ததே. வாயிற்காவலரைக் கெஞ்சி உள்ளே புகுந்தவன், பிரஸ் வரிசைக்கு எதிரே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. அண்ணன் திரும்பிப் பார்த்தார், சிரித்தார். உடம்பு திரும்பியதும் கால் அழுந்தியது.

விசாரித்தவர்களிடம் அண்ணன் தூக்கக் கலக்கம் என்று சொன்னார். தம்பி உள்ளே வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணிக்குக்கூட இன்றுவரை தெரியாது. சொல்லிக்காட்டியிருந்தால் தம்பி சண்டையாவது போட்டிருப்பான்.

படம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது அவர் கை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டால் மாட்டேன் என்று சொல்கிறவர் இல்லை என்று தம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படிப்பட்டவரிடம் கேட்க ஏன் வாய் வரவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை.

அப்புறம் அந்த நாற்பது மிஷின் தொழிற்சாலை வந்தது. காரில் போகும்போதே விற்பனை மேலாளருக்குக் கால் தரையில் படவில்லை. “நாற்பதுய்யா! ஒரே கையெழுத்து. உங்க அண்ணன் கை நமக்கு ராசியான கைய்யா” என்றார். தம்பியும் சிரித்தான்.

அந்த ஆலைத் தலைவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதை வாங்குவதானாலும் அதோடு வேலை செய்கிறவர்களையும் கூட்டத்தில் உட்காரவைப்பார். “மிஷின்ல நிக்கிறவன் தலையாட்டணும், அப்புறம்தான் நான் பேனாவ எடுப்பேன்.” அதனால் பின்வரிசைகளில் எண்ணெய்க் கறை படிந்த சட்டைகளாக உட்கார்ந்திருந்தன.

ஐந்தாவது ஸ்லைடில் இருந்தபோதுதான் கடைசி வரிசையில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், அண்ணனைப் பார்த்தான்.

அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன்புதான் வேலை மாறி, ஓர் ஆலையில் கருவிகள் வைக்கிற ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் சொன்னபோது “புது இடம் நல்லா இருக்கா?” என்று கேட்டானே தவிர, எந்த இடம் என்று கேட்கவில்லை. அண்ணன் முகத்தில் அவன் இதுவரை எந்தக் கூட்டத்திலும் பார்க்காத ஒன்று இருந்தது. பெருமை. பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்து, தாடையால் தம்பியைக் காட்டினார்.

ஆறாவது ஸ்லைடு ஓடியது. கிளிக்கரை இரண்டு முறை தட்டினால் ஏழைத் தாண்டி எட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் ஆலைத் தலைவர் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். மேலாளர் இவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தம்பி ஒரு முறைதான் அழுத்தினான்.

பழக்க தோஷம் என்று பின்னால் பல நாள் தன்னிடமே வாதாடினான். ஆனால் பழக்கத்தில் அழுத்துகிற விரல், அழுத்துவதற்கு முன் ஆலைத் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொள்வதில்லை.

மூன்று எண்ணினான். பேசினான். ஒரு சொல்லும் பிசகவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல், “ஏய், இது நம்ம ஸ்டோர் அண்ணன் கை மாதிரில்ல இருக்கு!” என்றது.

தலைகள் திரும்பின. அண்ணன் மெதுவாக எழுந்து, வாத்தியார் பெயர் கூப்பிட்டதுபோல வலது கையைத் தூக்கினார். “என் கைதான் சார்.”

“அட! இவர் உங்க தம்பியா?” என்றார் ஆலைத் தலைவர். கைபேசி மேசைக்குப் போய்விட்டது. “எப்படி ஆச்சு, நீங்களே சொல்லுங்க.”

அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, “தம்பி சொன்னதுதான் சார். தூக்கக் கலக்கம். என் தப்புதான்” என்றார்.

‘என் தப்புதான்’ என்பது தம்பியின் பேச்சில் இல்லாதது. அதை அவராகச் சேர்த்தார்.

யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். “அண்ணே, கட்அவுட் வச்சிடலாமா?” என்று ஒருவன் கத்த, அறையே சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். நாற்பது மிஷினுக்கும் அன்றே கையெழுத்தாயிற்று.

நடையில் அண்ணன் காத்திருந்தார்.

“தூங்கும்போது எடுத்தியா?”

“ம்.”

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நகமாவது வெட்டியிருப்பேன்ல. இவ்வளவு பெருசா தெரியுது.” நகத்தைப் பார்த்துக்கொண்டே, “எத்தனை வருஷமா காட்டுற?” என்றார்.

“பதினொண்ணு.”

“அப்போ நான் உன்கூட ஊரெல்லாம் சுத்தியிருக்கேன்னு சொல்லு.”

“அண்ணே, அன்னைக்கு நான் வந்து கையை...”

“ஸ்டோரத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்டா. ஆளாளுக்கு ஸ்பேனரைத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க. நீ சாப்பிட்டுட்டுப் போ.” திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

 காரில் பாதி வழி கடந்ததும், இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாததைத் தம்பி மேலாளரிடம் சொன்னான். அவர்மேல் உள்ள அன்பினால் அல்ல. பக்கத்தில் அவர்தான் இருந்தார். தேர்வு முடிவு, காவலர், ஆட்டிய கைகள், அண்ணனின் சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னான்.

மேலாளர் வண்டியை ஓரம் கட்டினார். கண் கலங்கியிருந்தது. “யோவ், இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் சும்மா இருந்தே? அடுத்த மாசம் பெரிய மாநாடு இருக்கு. இதோடயே ஆரம்பி. ஒருத்தனும் சாகிறவரைக்கும் மறக்க மாட்டான்.”

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தொழிலைச் சொன்னார். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் தம்பியின் மனம் அதை அளந்துவிட்டிருந்தது. ‘கையை ஆட்டினது நான்தான்’ என்று சொன்ன பிறகு மூன்று போதாது, ஐந்து எண்ண வேண்டும். ஆமாம், நன்றாக வரும்.

அவன் காது மடல் எரிந்தது. முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான். அண்ணன் எழுந்து நின்றபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

மாநாட்டில் முந்நூறு நாற்காலிகள். மேலாளர் முதல் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். தம்பி மேடையேறி, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான். கதிர்களின் இடைவெளி, மின்னழுத்தம், உத்தரவாதக் காலம் என்று வரிசையாக, தலையைத் தூக்காமல், ஒரே சுருதியில் வாசித்தான். இரண்டாம் பக்கம் போவதற்குள் கூட்டம் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. வாசித்து முடித்தான், இறங்கினான்.

மேலாளர் திட்டினார், கெஞ்சினார், பதவி உயர்வை நிறுத்தினார். மனைவி, “நல்லாத்தானே பேசிட்டிருந்தீங்க, என்னதான் ஆச்சு?” என்று கேட்டபோது, தொண்டை சரியில்லை என்றான். அடுத்த நிமிடம் மாடியிலிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த நிறுவனத்தில் இருந்தான். எந்த அறையானாலும் தாளை எடுப்பான், வாசிப்பான், மடித்து வைத்துக்கொள்வான். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.