சிவப்பு உடுப்பில் நிற்பவர்

காலையில் கடை திறக்க வந்தால், வாசல் கண்ணாடியில் என் படத்தைப் போட்டு நினைவஞ்சலி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெயரும் ஊரும் என்னுடையவை அல்ல. போன மாதம் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்த என் கூட்டாளியுடையவை. வருகிற ஞாயிறு பாரிசுக்குப் பக்கத்துச் சென் தெனியில் ஒரு மண்டபத்தில் முப்பத்தோராம் நாள், மதிய போசனமும் உண்டு. எல்லாம் சரி. நடுவில், சிவப்புப் பனிச்சறுக்கு உடுப்பும் தலைக்கவசமும் பாதி முகத்தை மூடும் பெரிய பனிக்கண்ணாடியுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது மட்டும் நான்.

சற்று நேரத்தில் மனைவி போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, ரூ பெர்தொனே தெரு முழுக்க உங்கடை முழங்காலை ஒட்டி வைச்சிருக்கினம்."

"என்ன முழங்கால்?"

"அந்த வளைஞ்ச முழங்கால்தான். முகத்தை மூடினால் எனக்குத் தெரியாதோ? கோதாரி, இதென்ன அபசகுனம்! போய்க் கிழியுங்கோ."

கிழிக்கிறதாவது! செத்தவனின் அஞ்சலியைக் கிழித்தவன் என்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுவதும் என்னைக் கிழித்திருக்கும்.

நானும் அவனும் சில குளிர்காலங்கள் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் கோப்பை கழுவினோம். அவனுக்குப் பனி என்றாலே ஆகாது. சப்பாத்துக்குள் மிளகாய்த்தூள் போட்டால் கால் சூடாக இருக்கும் என்று ஆரோ சொன்னதை நம்பிப் போட்டான். சூடாகத்தான் இருந்தது. வெறுங்காலோடு பனிக்குள் பாய்ந்து ஓடினான். அவன் விரும்பிப் பனியில் இறங்கியதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

இன்னொரு நாள் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் பொரித்தான். புகை மேலே ஏறி, விடுதியில் தங்கியிருந்த அத்தனை பேரும் குளியல் அங்கியோடு இருமிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். தலைமைச் சமையல்காரர் கையில் கத்தியோடு இவனைத் தேடினார். இவனோ நடுவில் நின்று எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கத்திக்காரருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினான். அவரும் வாங்கிக் குடித்தார். நான் கோபத்துக்குப் பேர்போனவன். அவனோடு மட்டும் ஒரு முழுநாள் கோபமாக இருக்க என்னால் முடிந்ததே இல்லை.

அந்த நாட்களில்தான் ஊரில் அவனுக்குப் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் படம் கேட்டார்கள். அவனிடம் இருந்ததெல்லாம் விசாவுக்கு எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் பொலிஸ் பிடித்த ஆள்மாதிரி முழித்துக்கொண்டிருந்தான். சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற பிரெஞ்சுக்காரனுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்து, அந்தச் சிவப்பு உடுப்பைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கினோம். உடுப்பின் ஸிப் அவனுடைய வயிற்றடியில் வந்து நின்றுவிட்டது. இழுத்தேன். அவன் மூச்சை அடக்கினான். ம்ஹூம்.

"நீ போடு மச்சான். முகம் தெரியாதுதானே, ஆர் நிண்டால் என்ன?"

"விசரே உனக்கு? கட்டப்போறது நீயடா!"

"கட்டேக்கை நான் நிப்பன். இப்ப நீ நில்லு."

நின்றேன். சறுக்குத் தடிகளை நான் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம்; அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே படம் எடுத்தான். அதுவும் சரிவாகத்தான் வந்தது. அந்தப் படம் ஊருக்குப் போய், பெண் சம்மதித்து, பாரிசுக்கு வந்து, கலியாணமும் நடந்தது. அன்று தொட்டு அது அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அங்கே சாப்பிடப் போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அந்தக் கிழமை கடைக்கு வந்த இருவர் அஞ்சலியின் முன் நின்று கதைத்தார்கள்.

"இளந்தாரியிலை ஆள் நல்ல எடுப்பு, என்ன?"

"ஓம், பிறகுதானே வயிறு வைச்சது."

துக்கத்துக்குள்ளும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. ஞாயிறு அவன் மனைவி விளக்கேற்றிப் பூப்போட்டுக் கும்பிடப்போவது என்னை. பாவி, தன் முப்பத்தோராம் நாளுக்கே அவன் வரமாட்டான். அதை விடக்கூடாது. என்னிடம் கிடந்த அவனுடைய விசாப் படம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் படத்தை ஆளுயரத்துக்குப் பெருப்பித்து நிறுத்தியிருந்தார்கள். ஐயர் என் தலைக்கவசத்தின் நெற்றிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, என் படத்தைப் பார்த்து, "இனி இந்த முகத்தை எங்கை காணப்போறம்!" என்று குழறினார். எனக்கு அழுகை வரவில்லை. எரித்த அன்றும் வரவில்லை.

அவன் மனைவியை வடைத் தட்டுகள் இருந்த பக்கம் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, அந்தப் படம்..."

"அது நீங்கள் எண்டு எனக்குத் தெரியும், அண்ணை."

"எப்ப தொட்டு?"

"எயார்போட்டிலை இறங்கினது தொட்டு. நான் ஒரு நெட்டை ஆளைத் தேடிக்கொண்டு நிக்கிறன், கட்டையா ஒரு ஆள் வந்து நான்தான் எண்டு நிக்குது."

"பிறகேன் கட்டினனீங்கள்?"

"சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டவர்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப ஏன் என்னைக் கொண்டுவந்து இதிலை நிப்பாட்டினனீங்கள்?"

"வேறை ஒரு படத்திலையும் அவர் சிரிக்கேல்லை அண்ணை. கிட்டப் போய் அந்தக் கண்ணாடியைப் பாருங்கோ. அதுக்குத்தான் இவ்வளவு பெரிசா அடிப்பிச்சனான்."

வரிசையில் நின்று கிட்டப் போனேன். பளபளக்கும் பனிக்கண்ணாடியில் வெள்ளையாகப் பனி. அதன் நடுவில் ஏப்ரன் கட்டிய ஒரு கட்டை மனிதன், கமெராவைக் கண்ணில் வைக்க முடியாமல் வயிற்றோடு பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் போட்டே அழுதேன்.

"அண்ணை, பூவைப் போட்டிட்டு நகருங்கோ," என்றார் பின்னால் நின்றவர்.

எல்லோரும் போட்ட பூ படத்தில் நின்ற என் காலடியில் கிடந்தது. நான் என்னுடையதை எட்டி, அந்தப் பனிக்கண்ணாடிக்கு நேரே போட்டேன்.