சிங்கம் உள்ளுக்குக் கிடக்கட்டும்

அண்ணை, உன்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாயில் அதுதான் வருகிறது. படிப்பைப் பாதியில் விட்ட நான் எழுதுகிறேன் என்றால் சிரிப்பாய்.

நீ லொறி ஓடிச் சேர்த்த காசில் ஒரு பழைய ஸ்பானியப் பொற்காசு வாங்கி வந்தாய். அது வட்டமே இல்லை. ஓரம் கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் நிறை சரியாக வரும்வரை ஓரத்தை வெட்டுவார்களாம். ஒரு பக்கம் சிலுவை, அதன் மூலைகளில் கோட்டையும் சிங்கமும். மறுபக்கம் கடலலைக்கு மேலே இரண்டு தூண்.

"தம்பி, உன்ர பொன்னுருக்கலுக்கு இதுதான்" என்றாய். தாலிக்கு உருக்குகிற காசை நீதான் தரவேண்டும் என்று உனக்கு ஆசை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"இலங்கையிலை சிங்கக்கொடிக்குப் பயந்துதானே கனடா வந்தனாங்கள்."

"உது ஸ்பெயின்காரரின்ர சிங்கம் அம்மா. எங்களைத் தெரியாது."

அந்த வின்ரர் குளிரில்தான் உன் நெஞ்சு நின்றுபோனது.

ஆண்டுத்திவசம் முடிந்த பிறகே என் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். போன ஞாயிறு பொன்னுருக்கல். வீட்டுக்குள் புகை அலாரம் கத்தும் என்று கராஜில் வைத்தோம். தட்டில் வெற்றிலை, தேங்காய், உன் காசு. உருக்கினால் சிங்கமும் சிலுவையும் போய்விடும், நீ தந்த பொன் மட்டும் தாலியில் இருக்கும் என்று அம்மா நினைத்திருந்தா. பொன் உருக்க வந்த பத்தர் குறட்டால் காசைத் தூக்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம் அம்மா. உங்கட ராணித்தலைப் பவுணை உருக்குவம். அண்ணையின்ரையைத் தாலிக்கொடியிலை கோப்பம்."

"மருமகளின்ர கழுத்திலை சிங்கமோ?"

"கடல் பக்கத்தை வெளியிலை விடுவம்."

சுபநேரம் போகிறது என்றார் பத்தர். காசைத் துளைக்காமல் ஒரு கூடு செய்து கோர்க்கலாம் என்றும் சொன்னார். அம்மா காசை வாங்கிப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றா. பிறகு மேலே போய்த் தன் பவுணைக் கொண்டுவந்து தட்டில் வைத்தா.

"சரி, சிங்கம் உள்ளுக்குக் கிடக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தா. நீ போனபிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த மாதம் தாலி கட்டுவேன். கொடியைத் தூக்கும்போது உன் காசு என் கையில் படும். இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, எங்கே போனாலும் என் அண்ணைக்காகவும் ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.