இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காத கார்டு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். அது மக்கர் பண்ணினால் பார்க்க ஒரே ஒரு ஆள் இருந்தானாம். எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்த ஆள் நான்தான். ஸ்குரு டிரைவர் பையோடு மோட்டார் சைக்கிளில் அலைந்த சக தொழிலாளிகளே, உங்களுக்குத் தெரியாததா? நம் தொழிலில் மூடியைக் கழற்றும்வரை யாரும் உண்மையைச் சொல்வதில்லை.

செருப்பை வெளியே விடு

அது ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ். தலைமை அலுவலகம் நன்றாக ஓட்டிவிட்டுத் தள்ளிவிட்ட பழைய மெஷின். சாமி அறைக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றவைத்து என்னை உள்ளே அழைத்துப் போனார் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி முத்தையா. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள் வசந்தா. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அந்த ஆபீஸ் நாற்காலிக்கு வந்த முதல் பெண். போன வருடம்வரை செம்பனைக் காட்டில் மருந்தடித்தவள்.

"போட்டு இருபது நிமிஷம்தாண்ணே, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி கலைஞ்சு ஓடுது" என்றாள். வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து பார்ப்பாராம். அன்று முழு நாளும் ஓடாவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். "அது சொகுசா கோலாலம்பூருக்குப் போயிரும்லா. நான் மருந்து டின்னைத் தூக்கிக்கிட்டு மறுபடி காட்டுக்குப் போகணும்."

நான் இருந்தால் நல்ல பிள்ளை

மூடியைக் கழற்றி, திரைக்கு எழுத்தை அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டைத் தொட்டேன். தோசைக்கல். நுனிவிரல் சிவந்துவிட்டது. கார்டுக்கு அடியில் இரண்டு குட்டி வெள்ளை ஓடுகள். பல்லி பொரித்துவிட்டுப் போன முட்டை. அதைப் பார்த்ததும் கிராணி சட்டென்று கூரையைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

தூசு தட்டி, மூடியை மாட்டி ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் ஒரு எழுத்து அசையவில்லை. நான் திரும்பிய மறுநாளே என் கடைக்குப் போன் வந்தது: மறுபடி கலைந்துவிட்டது! போனேன், என் எதிரில் மறுபடி ஒழுங்காக ஓடியது. எனக்கோ மண்டை காய்ந்தது. வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இருந்தா ஓடுது. அப்ப உங்களையே இந்த மேசைக் கால்ல கட்டிப்போட்டாத்தான் சரிப்படும்."

மேசைக்குப் பின்னால்

வியாழக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். வசந்தா இன்னும் வரவில்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கிராணியின் முதுகு மட்டும் தெரிந்தது. மெஷினின் பின்பக்கத்துக் காற்றுத் துளைகளில், ஒன்று விடாமல், பழைய துணியைக் கிழித்துத் திணித்துக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்று தெரிந்த நாளில் எல்லாம் உருவி மேசைக்குப் பின்னாலேயே சுவரோரம் ஒளித்திருக்கிறார்.

"ஐயா, காத்து போக வழியில்லாமத்தான் கார்டு வேகுது!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன மாதம் பிளக்கைச் சொருகக் குனிந்தபோது, அந்தத் துளையிலிருந்து ஒரு பல்லி பொத்தென்று அவர் தலையில் விழுந்ததாம். உச்சந்தலையில். பலன் என்னவென்று உங்களுக்கே தெரியும். பல்லியை அடிப்பது பாவம். அதனால் வாசலை அடைத்திருக்கிறார். துணிக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் இருக்குமென்று அவருக்குத் தோன்றவேயில்லை. "முதல்லேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"மேனேஜர் காதுக்குப் போனா? பல்லி பலனை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு நீயே சொல்லு தம்பி, பாப்போம்."

வெள்ளிக்கிழமை

ஆபீஸ் ஜன்னலில் கிழிந்து தொங்கிய கொசுக் கம்பிவலையை வெட்டித் துளைகளின் மேல் ஒட்டினேன். காற்று போகும், பல்லி போகாது.

மேனேஜர் வந்து வசந்தாவின் பின்னால் நின்றார். இருபதாவது நிமிடம் நான்கு பேரும் திரையைப் பார்க்கிறோம். அந்த நேரம் பார்த்துச் சுவரில் ஒரு பல்லி சத்தம் கொடுத்தது. கிராணி தன்னையறியாமல் விரலால் மேசையைத் தட்டினார். என்னவென்று தெரியாமல் மேனேஜரும் தட்டினார். எழுத்து அசையவில்லை. ஐந்து மணிவரை அசையவில்லை.

மேனேஜரின் கார் போனது. கிராணி தயங்கித் தயங்கித் துணிக் கதையை வசந்தாவிடம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தினாள், செருப்பை மாட்டினாள், லயத்துப் பாதையில் இறங்கி நடந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள்:

"பல்லி விழுந்தது உங்க தலையில. பலன் மட்டும் என் தலைக்கு வரப் பாத்துச்சே, ஐயா!"

கார்டைத் தொட்டுத் தொட்டுச் சுட்டுக்கொண்ட அந்த விரலை ஒரே ஒரு தடவை மெஷினுக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் விட்டுப் பார்த்திருந்தால், பொழப்பு தெரிந்தவன் என்று நானும் பெயர் வாங்கியிருப்பேன்.