வாயில் மிஞ்சிய திருநாமம்

முதலில் வலது கையிலிருந்து இறால் கூடை நழுவியது. கோட்டைக்குப்பத்து ஏரிக்கரையில், என் கணவர் சாமுவேல் படகிலிருந்து தூக்கிக் கொடுத்த கூடை. கை அதைப் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இறால் சேற்றில் துள்ளியதைப் பார்த்த பிறகுதான் விரல்கள் திறந்து கிடப்பது தெரிந்தது. "கூடையப் பிடி" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இரட்சகரே" என்று வந்தது.

மறுபடி முயன்றேன். மறுபடியும் அதுவே. பிறகு கால் மடங்கி விழுந்தேன்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையிலிருந்து வந்த வைத்தியர் என் கையைக் கீறி ஒரு கிண்ணம் இரத்தம் எடுத்தார். பயனில்லை. அடுத்து வந்த எங்கள் ஊர் வைத்தியர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார்: பாரிச வாயு (உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது). "பேச்சுதான் கட்டிக்கிச்சு. புத்தி கெடல. நீங்க பேசறதெல்லாம் அதுக்கு வெளங்கும்" என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

நான் சபைப் பெண்களுக்குத் திருநாமங்களின் பொருளைச் சொல்லிக்கொடுத்தவள். கர்த்தர் என்றால் ஆளுகிறவர். மத்தியஸ்தர் என்றால் நடுவில் நின்று பரிந்து பேசுகிறவர். இரட்சகர் என்றால் காப்பாற்றுகிறவர். எத்தனையோ வருடம் சொன்ன பழக்கத்தில், மற்ற எல்லாச் சொற்களும் போன பிறகு இது ஒன்று நாக்கில் ஒட்டிக்கொண்டது. அது பக்தி அல்ல. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், தயவுசெய்து இதை நம்புங்கள்.

தண்ணீர் கேட்டாலும் "இரட்சகரே". மூத்திரம் முட்டினாலும் அதுதான். "போய்த் தொலையுங்கள்" என்று மனதுக்குள் கத்தினாலும் வெளியே வந்தது அந்தத் திருநாமம்தான். கேட்டவர்கள் கைகூப்பினார்கள்.

எங்கள் உபதேசியாருக்கு (சபையில் வேதம் கற்பிப்பவர்) அது அற்புதம். "உலகத்தின் வார்த்தைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, தம்முடைய நாமத்தை மட்டும் இவள் வாயில் விட்டிருக்கிறார்" என்று ஆராதனையில் சொன்னாராம். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஆட்கள் வந்தார்கள். என் செத்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதுவரை கரையில் யாரும் மதிக்காத சாமுவேலுக்குக் கோவிலில் முதல் பாயில் இடம் கிடைத்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் படுத்தபடியே பார்த்தேன். அவரை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

இதற்கிடையில் முதுகின் கீழே படுக்கைப்புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் அழுகிப் போவது) வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு, நெருப்பில் படுத்தது போல் எரிந்தது. வீடு நிறைய ஆட்கள். "இரட்சகரே! இரட்சகரே!" என்று அலறினேன். அத்தனை பேரும் முழங்காலிட்டார்கள். உபதேசியார் பாட்டு எடுத்தார். என் கணவர் கண்ணீர் விட்டுக்கொண்டு கூடவே பாடினார்.

அப்போதுதான் பொன்னி வந்தாள். சாமுவேலின் தங்கை. ஏரித் தண்ணீருக்குள் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவள். அந்தக் குடும்பத்தில் ஞானஸ்நானம் பெறாதவள் அவள் ஒருத்திதான். முழங்கை வரை சேற்றோடு வாசலில் நின்று ஒரு கணம் கேட்டாள்.

"எய்ந்திருங்க எல்லாரும்! அண்ணி முதுகு எரியுதுன்னு கத்துது, நீங்க இன்னா பாடிக்கினு கீறீங்க?"

"அது ஜெபம், அம்மா" என்றார் உபதேசியார்.

"ஜெபமா? இங்க வந்து மோந்து பாரு."

அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வந்து என்னைப் புரட்டினாள். துணியைத் தண்ணீர் விட்டு நனைத்துப் பிரித்தாள். நாற்றத்தில் கூட்டம் தானாகக் கலைந்தது. "ஏண்ணா, உனக்கு மூக்கு கூடவா இல்ல?" என்று அவள் கேட்டபோது சாமுவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து பொன்னி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். புண்ணுக்கு வேப்பிலை அரைத்துக் கட்டினாள். கைகாலுக்குத் தைலம் தேய்த்தாள். ஆமாம் என்றால் நான் அவள் விரலை ஒரு முறை அழுத்தவேண்டும், இல்லையென்றால் இரு முறை. சில மாதங்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், உபதேசியார் வெளியூரிலிருந்து வந்த ஒல்லாந்துப் பாதிரியாரைக் கூட்டிவந்தார். "அந்த நாமத்தை ஒருமுறை சொல்லம்மா" என்றார். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மறுபடி கேட்டார். அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. எனக்கே தெரியாமல் அது ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"வேணாம்."

உபதேசியார் அதைப் பாதிரியாருக்கு என்னவென்று மொழிபெயர்த்தாரோ, அவர் பக்தியோடு தலையசைத்தார். பொன்னி மட்டும் கைகொட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகு தண்ணி, உப்பு, பொன்னி என்று ஒவ்வொன்றாக வந்தன.

பேச முடிந்ததும் அவளிடம் கேட்டேன், அன்று எப்படித் தெரிந்தது என்று.

"முன்ன உன்னப் பாக்க வந்தப்பவே கவனிச்சேன். தண்ணிக்குன்னா மெல்லமா சொல்லுவ. அண்ணன திட்டறப்போ கடைசில இழுப்ப. அந்த வார்த்த இன்னானு எனக்குத் தெரியாது அண்ணி. அதனால உன் கொரலதான் கேட்டேன்."

பிறகு, "அதுக்கு இன்னாதான் அர்த்தம்?" என்றாள்.

"காப்... பாத்தறவர்."

"அத்தினி நாளு கூப்ட்டியே, வந்தாரா?"

சபைப் பெண்கள் கேட்டிருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருப்பேன். அவளிடம் வந்தார் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வரவில்லை என்று சொல்லவும் வரவில்லை. இந்த முறை அதற்கு நோய் காரணமல்ல. பொன்னியின் உருவில் அவரே வந்தார் என்று உபதேசியார் பிறகு விளக்கினார். அவள் கையால் செய்ததை அவளுக்கே விட்டுவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அத்தனை சொற்களைச் சேர்க்க முடியாமல் அவரை முறைத்தேன்.

இதை நான் சொல்லச் சொல்ல என் தங்கை எழுதுகிறாள். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. வலது கை இன்னும் எனக்குச் சொந்தமில்லாத ஒன்றாகத் தோளில் தொங்குகிறது. வெந்நீர் பட்டால் அதற்குத் தெரியாது. கொப்புளத்தைக் கண் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

என் உடம்புக்குள் ஒரு நேரம் ஓடுகிறது, வெளியே வேறொரு நேரம். சாமுவேல் படகைத் தள்ளும்போது கோலூன்றி வாசலுக்கு வந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறேன். வரும்போது வெற்றிலை வாங்கிவரச் சொல்வதற்குள் படகு ஏரிக்குள் போய்விடுகிறது. சில நாள் அவர் துடுப்பை நிறுத்திக் காத்திருக்கிறார். சில நாள் இல்லை. எதிரில் தண்ணீர் மட்டும் இருந்தாலும் நான் சொல்ல வந்ததைக் கடைசி எழுத்துவரை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.