வேனுக்குள் சிக்கிய ஜப்பான் பாட்டு

1. யாருங்க உள்ள?

வாகன வயரிங் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள், ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய வேனின் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண் மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னாள். வேன்காரர் பதறிப்போய்ப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருங்க உள்ள?"

ஜப்பானில் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு ஓர் அட்டை உண்டு. அதைச் செருகவில்லை என்று அவள் நினைவூட்டுகிறாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் அவளுக்கு என்ன வேலை? எங்கள் முதலாளி, "வயர வெட்டி விடு, சும்மா தொணதொணன்னுக்கிட்டு" என்றார். வெட்டினேன். வேனின் பாட்டுச் செட்டைக் கழற்றியபோது உள்ளே பெரிய கண்களுடைய பெண் படம் போட்ட ஒரு சீடி இருந்தது. யாருக்கும் வேண்டாம் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

2. கொள்கை உள்ளவன்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமாரே, ஜப்பான் பாட்டு சீடி சேர்ப்பவனுக்குச் சில கொள்கைகள் வேண்டும். கவரின் முதுகைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வரும். அதைக் கிழித்து எறிகிறவர் வீட்டில் நான் தேத்தண்ணி குடிப்பதில்லை. அவர்களுடைய கார்ட்டூன் தொடர்களில் தொடக்கப் பாட்டைவிட முடிவுப் பாட்டுதான் உயர்ந்தது. தொடக்கப் பாட்டு கூவிக் கூவி ஆள் பிடிக்கும். முடிவுப் பாட்டு வேலை முடிந்து களைத்து வீட்டுக்குப் போகிறவர் பாடுவது போல இருக்கும். டிவியில் வருவது வெட்டிய பாட்டு, முழுப் பாட்டு சீடியில்தான் உண்டு. கடைசியாக, பென் டிரைவில் ஏற்றிக் கேட்பது பாட்டுக் கேட்பதே அல்ல. வாடிக்கையாளர் கெஞ்சினாலும் ஏற்றிக் கொடுக்க மாட்டேன்.

இந்தக் கொள்கைகளுக்கு ஊரில் என்ன மரியாதை என்று மட்டும் கேட்காதீர்கள். நுவரெலியாப் பக்கம் சீடியைக் கயிற்றில் கட்டித் தோட்டப் பாத்தியில் தொங்கவிடுகிறார்கள். குருவி வராதாம். வீட்டிலும் அப்படித்தான். "உங்களுக்கே ஒரு வார்த்த வெளங்காது. இதுல நல்ல பாட்டு, கெட்ட பாட்டுன்னு வேற பிரிச்சு வச்சிருக்கீங்க" என்பாள் என் மனைவி.

என்னிடம் ஒரு காலிக் கவர் இருந்தது. எப்போதோ ஒரு வேனின் டேஷ்போர்ட் பெட்டியில் கிடைத்தது. காகிதப் பட்டை இருந்தது, பாட்டு வரிகள் அச்சிட்ட சின்னப் புத்தகம் இருந்தது, சீடி மட்டும் இல்லை. அதுவும் ஒரு முடிவுப் பாட்டு. கேட்காமலே அதன்மேல் எனக்குக் காதல். அந்தக் கவருக்குள் அதன் சீடியை வைத்து மூட வேண்டும் என்பது பல வருட ஆசை.

3. கோயில் வாசலில்

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் சிவலிங்கம், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு ஒரு வேன் வாங்கினார். வாங்கிய கையோடு, இப்போது நான் சொந்தமாக நடத்தும் வயரிங் கடைக்கு வந்தார்.

"பாஸ், உள்ள ஏதோ சீடி மாட்டிக்கிட்டிருக்கு. நாளைக்குக் கோயில்ல வேனுக்குப் பூச. மொதல்ல சாமி பாட்டுத்தான் கேக்கணும்னு வீட்டுல சொல்றாங்க. ஸ்க்ரூ டிரைவர உட்டு நெம்பி எடுத்துருங்க."

சாவியைப் போட்டேன். செட்டின் சின்னத் திரையில் ஜப்பான் எழுத்து ஓடியது. என் காலிக் கவரில் இருந்த அதே எழுத்து. சத்தத்தைக் கூட்டி வைத்து முழுப் பாட்டையும் கேட்டேன். சீடியில் கீறல் இருந்தது. ஓரிடத்தில் 'சோரா' என்ற வார்த்தையில் சிக்கி, 'சோரா, சோரா, சோரா' என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் மேலே போனது.

"நெம்புனா வீணாப் போயிரும். டேஷ்போர்டக் கழட்டித்தான் எடுக்கணும். பூச முடிஞ்சதும் கொண்டாங்க. அதுவரைக்கும் செட்டத் தொடாதீங்க" என்றேன். வீணாகிவிடும் என்று நான் சொன்னது சீடியை. அவர் செட்டை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் மாலை போட்டு வேன் நின்றது. டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். சூடம் காட்டும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி லைட்டையும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூசாரி தட்டைத் தூக்கி, "ம், ஸ்டார்ட் பண்ணுங்க!" என்றார்.

சிவலிங்கம் சாவியைத் திருப்பினார். சாவியைத் திருப்பியதும் தானாகப் பாடுகிற செட் அது. சத்தத்தை முந்தின நாள் கூட்டி வைத்தவன் நான். கோயில் வாசல் முழுக்க ஜப்பான்காரி பாடினாள். சிவலிங்கம் பதற்றத்தில் கண்ட பொத்தானையும் அமுக்க, கண்ணாடியில் வைப்பர் ஆடத் தொடங்கியது. பூசாரி மட்டும் அசரவில்லை. 'சோரா, சோரா, சோரா' வந்தபோது அதற்கும் சேர்த்து மணியடித்தார்.

சிவலிங்கத்தின் மனைவி ராணி என்னிடம் வந்தார். "ஏண்ணே, சத்தத்தக் கூட்டி வைக்க ஒங்களுக்கு இந்த நாளுதான் கெடச்சதா?"

4. வாந்தி நின்றது

அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன வேன் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே போன் எடுத்தேன்.

"அந்தச் சீடிய எடுக்க வேணாங்க பாஸ்" என்றார் சிவலிங்கம்.

"ஏன்?"

"நம்ம ரோடு தெரியும்தானே. வளைவுக்கு வளைவு ஒரு புள்ள வாந்தி எடுக்கும். முந்தி இருந்த வேன்ல சொப்பிங் பேக்கு கட்டுக்கட்டா வச்சிருப்பேன். இப்ப இந்தப் பாட்டப் பாடிக்கிட்டே வருதுங்க, ஒன்னும் எடுக்க மாட்டேங்குது. ராணிகூட ராசியான பாட்டுன்னுட்டா."

"சாமி பாட்டு?"

"போன்ல போட்டுப் பாத்தோங்க. பக்தியா உக்காந்துக்கிட்டே எடுத்துச்சுங்க."

காலையில் அந்த வேன் என் கடையைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போகும். நல்ல பாட்டுக் கேட்க மலையில் ஆளே இல்லை என்று எத்தனை வருடம் புலம்பியிருப்பேன்! இப்போது ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் என் பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். குழிக்குக் குழி அந்தச் சீடி உள்ளே குதிக்கிறதே என்பதுதான் என் கவலை.

5. பாட்டு முடிந்த பிறகு

ஒரு நாள் செட் செத்துப்போனது. சிவலிங்கம் வாடிய முகத்தோடு வந்தார். நான் வாடவில்லை. டேஷ்போர்டைக் கழற்றி, செட்டைப் பிரித்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலச் சீடியை எடுத்தேன்.

"சீடி எனக்கு. ஒங்களுக்கு வேற செட்டு பூட்டி, பாட்ட பென் டிரைவ்ல ஏத்தித் தர்றேன்."

"யாரு, நீங்களா? பென் டிரைவா?" என்று கேட்டுச் சிரித்தார். கொள்கை போனால் போகட்டும், கவர் நிரம்பட்டும் என்று இருந்தேன்.

கீறலைத் தேய்த்து மெருகேற்றினேன். எங்கும் சிக்காத சுத்தமான பாட்டை ஏற்றிக் கொடுத்தேன். வீட்டில் சீடியைக் கவருக்குள் வைத்து மூடியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை வேன் என் கடை முன்னால் நின்றது. ஒரு சின்னப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அங்கிள், பாட்ட ஒடச்சிட்டீங்க."

"ஒடைக்கலம்மா. சரி பண்ணியிருக்கேன்."

"இல்ல. சோரா மூணு தடவ வரணும். அப்பதான் எல்லாரும் ஒரே பக்கமா சாய்வோம். இப்ப யாரும் சாயல."

"ஒரு புள்ள எடுத்துருச்சுண்ணே" என்றார், பிள்ளைகளுக்குத் துணையாகப் பின் சீட்டில் வரும் ராணி. கையில் சொப்பிங் பேக் இருந்தது.

கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று இழுத்தேன். அந்தப் பெண், "வேணாம் அங்கிள், நாங்களே பாடிக்கிறோம்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் வாசலில் நின்று கேட்டேன். ஜப்பான்காரி ஒரு தடவை 'சோரா' சொல்லிவிட்டு மேலே போனாள். பிள்ளைகள் மூன்று தடவை சொல்லிச் சாய்ந்துவிட்டு அவளுக்குப் பின்னால் பாடிக்கொண்டு போனார்கள். அவள் பாடி முடித்த பிறகும் வேனுக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எந்தப் பழுதில் கை வைக்கும் முன்னும், அதோடு யாராவது பழகிவிட்டார்களா என்று வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

வீட்டுக்குப் போய், கவரிலிருந்த சீடியை எடுத்துப் போட்டேன். சுத்தமாக ஓடியது. அந்த இடம் வந்ததும் என்னை அறியாமல் மூன்று தடவை 'சோரா' சொல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, தல சுத்துதா? சொப்பிங் பேக்கு தரவா?"