படமா, பெயரா?

இன்று வெள்ளனே கொடைக்கானல் கடைத்தெருவுக்குப் படம் வரையத் தாள் வாங்கப் போனேன். பழனியில் இருக்கும் என் மகளுக்கு ஏரியை வரைந்து, கீழே நம் படிப்பகத்தில் எழுதப் பழகிய என் பெயரை நானே எழுதி அனுப்ப ஆசை. அவள் இதுவரை என் கைநாட்டைத்தான் பார்த்திருக்கிறாள்.

கடைக்காரர் இரண்டு தாள்களை எடுத்துப் போட்டார்.

“இது ஹாட் பிரஸ், சூட்டுல அழுத்துனது. வழவழன்னு இருக்கும், பேனா ஓடும். இது கோல்ட் பிரஸ், சூடு காட்டாம அழுத்துனது, சொரசொரப்பு. பெயின்ட்டப் பிடிச்சுக்கிடும்.”

“ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு இல்லையாங்க?”

“படம் முக்கியமா, பேர் முக்கியமா? வெரசா சொல்லுங்க பெரியவரே.”

பெயர் என்று சொல்லி வழவழப்பானதை வாங்கி வந்தேன்.

ஆசையில் பெயரை முதலில் எழுதினேன். முத்து முத்தாக விழுந்தது. ஏரிக்குப் பூசிய நீலம்தான் ஊறாமல் தேங்கி நின்றது. வெளியே துணிகூடக் காயாத மூடுபனி. சூட்டில் அழுத்திய தாளுக்குச் சூடு புதிதா என்று கணப்பு நெருப்பின் மேல் பிடித்தேன்.

தாள் அப்பளமாகச் சுருண்டது. நீலம் ஓடி என் பெயரை மூழ்கடித்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“சூட்டுல அழுத்துனதுன்னுதான சொன்னேன். வாட்டச் சொன்னேனா?”

சொரசொரப்பானதை வாங்கி வந்தேன். இப்போது ஏரி அழகாக இருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் சொரசொரப்பில் நிப்பு சிக்கி மை தெறிக்கிறது. யார் வரைந்தது என்றுதான் தெரியவில்லை.

நம் படிப்பகப் பலகையில் இதை ஒட்டியிருக்கிறேன். வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கட்டைவிரலை வைத்துவிடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.