மிஞ்சின இடம் போதும்

மீஞ்சூர் சந்தையில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது மதனிடமிருந்து போன் வந்தது. "அம்மா போய்ட்டாங்க அத்தை" என்றான். தெரியாத நம்பர். "யாரு போன்டா இது?" என்றுதான் முதலில் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரருடையது என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவன் அம்மா ராணியக்கா இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

அவளோடு பழகியவர்களுக்கு இது புரியும். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்திலிருந்து படகில் வந்து, என்னோடு ஷேர் ஆட்டோவில் மீன்கூடையோடு சந்தைக்கு வந்த அத்தனை வருஷமும் அவள் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மகன் மதன் போனில் காசு வைத்து ரம்மி ஆடி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பார்த்த வேலையையும் அவன் அப்பா விட்டுப்போன படகு இன்ஜினையும் தொலைத்ததிலிருந்து அப்படித்தான். அந்தப் பழக்கத்தை விடவைக்கச் சென்னையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவனும் மனசார ஒத்துக்கொண்டு பட்டன் போனுக்கு மாறினான்.

தினமும் சந்தை முடிந்ததும் அவனைக் கூப்பிடுவாள். ஆடினாயா என்று கேட்க மாட்டாள். "இன்னிக்கு மனசு இழுத்துச்சாடா?" என்று, சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற குரலில் கேட்பாள். இழுத்தது என்று அவன் சொன்னால் அவள் முகம் தெளியும். எனக்கு இது விளங்கவே இல்லை, ஒருநாள் கேட்டுவிட்டேன். "இல்லேனு சொன்னாத்தான்டி எனக்குப் பயம். இழுத்துச்சுன்னா மறைக்காம பேசறான்ல" என்றாள்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர்கூடிச் சீட்டு எடுப்பது எங்கள் வழக்கம். வலை போடும் அந்த உரிமையைப் பாடு என்போம். பட்டன் போனுக்கு மாறிய வருஷம் மதன் எடுத்தான். முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம் விழுந்தது. அவனுக்கு நேரம் திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். நான் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். அக்கா வாயில் வைக்கவில்லை. "அவன் கண்ணைப் பாரு. ஆட்டத்துல ஜெயிச்சா வருமே, அதே கண்ணு" என்றாள். அந்த வாரமே யாருடைய போனையோ வாங்கி மறுபடி ஆடினான்.

மறுபடி ஆஸ்பத்திரி. அடுத்த சீட்டின்போது, பெண்கள் போகாத ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். "எம் புள்ள சீட்டு எடுக்க மாட்டான். எல்லாரும் எடுத்தப்புறம் மிஞ்சின எடம் போதும்" என்றாள். சீட்டு எடுப்பது அந்த வீட்டு உரிமை, விட்டால் நாளைக்குப் பாடே இல்லாமல் போகும் என்று பெரியவர்கள் கோபித்தார்கள். பாடு வேண்டும், சீட்டுதான் வேண்டாம் என்று அவள் விடாமல் மல்லுக்கு நின்று சம்மதிக்க வைத்தாள். ஊர் முன்னால் தன்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிவிட்டதாக மதன் ரொம்ப நாள் அவளிடம் பேசவில்லை. மீன் குறைந்த இடத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வலை போட்டான். சந்தைக்குள் நடந்துகொண்டே அவனை அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அவள் காரியம் முடிந்த கையோடு இந்த வருஷச் சீட்டு வந்தது. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. படகேறிப் போய்க் கூட்டத்துக்கு வெளியே நின்றேன். பெரியவர்கள் இரக்கப்பட்டே கூப்பிட்டார்கள்: "நைனாவும் இல்ல, அம்மாவும் இல்ல. வா, நீயே எடு."

மதன் எழுந்தான். சீட்டுப் போட்ட சொம்புவரைக்கும் போனான். இவனைத் தடுக்க இனி யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு மிஞ்சின எடம் போதும்."

வெளியே வந்தவனிடம், அக்கா கேட்கிற மாதிரியே கேட்கப் பார்த்தேன். "மனசு இழுத்துச்சாடா?"

"ரொம்ப இழுத்துச்சு அத்தை."

சாவுச் சேதி வந்ததிலிருந்து அப்போதுதான் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்தது. அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். சந்தை முடிந்ததும் தினமும் அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். இல்லை என்று சொல்கிற நாளில் படகேறிப் போய் நேரில் கேட்கிறேன்.